எடுத்தல்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழில் ஒரு வினைச்சொல்

ஒரு மொழியில் மிகச் சிறியவையாகவும் மிகப் பழையவையாகவும் உள்ள வினைச்சொற்களே அம்மொழியில் மிகப் பல பொருள்களைச் சுமக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதற்பதிப்பு 1928-இல் நிறைவுற்றபோது அதில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்தது 'செட்' என்னும் சிறு வினை. அவ்வகராதியின் திருத்தப் பணியில் 'ரன்' என்னும் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் பிரித்தறியப்பட்ட செய்தி 2011-இல் வெளிவந்தது. இவற்றுக்கு நிகராக ஆங்கிலேயரின் நாவில் நாள்தோறும் புழங்கும் 'டேக்' என்னும் வினை, ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் 'நிமன்'; வடகடல் கடந்து வந்து குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து நுழைந்த 'தாகா' அதனைச் சில நூற்றாண்டுகளில் வெளியேற்றிவிட்டது. அதே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த காதிக் மொழியில் இச்சொல்லின் உறவுச்சொல்லுக்குத் தொடுதல் என்பது பொருளாதலின், கையால் தொடுவதில் தொடங்கிப் பற்றுவது, கொள்வது, ஏற்பது, பொறுப்பது என இவ்வினை விரிந்தது என்று மொழிநூலார் கருதுவர்.

தமிழில் இதற்கு எதிர்நிற்கும் வினை 'எடு'. இருமொழி அகராதிகள் இவ்விரண்டையும் இணையாக வைப்பது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளும் அவ்வாறே கற்கிறார்கள். ஆயினும் இரண்டும் தொடங்கிய இடம் வேறு. 'எடு' என்பதன் அடிப்பொருள் தொடுதலோ உடைமையாக்கலோ ஆகாது. கீழே கிடப்பதை மேலே உயர்த்துவதே அதன் முதற்பொருள். தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியை 'எடுத்த பாதம்' என்று சொல்லும் சைவ மரபும், தஞ்சைப் பெரிய கோயிலைத் தான் எழுப்பியதை 'எடுப்பிச்ச' என்று கல்லில் வெட்டுவித்த முதலாம் இராசராசனின் கல்வெட்டும், பாம்பு படம் எடுக்கிறது என்ற நாட்டு வழக்கும் ஒரே பொருளையே காட்டுகின்றன. இலக்கண நூல்களில் குரலை உயர்த்தி ஒலிப்பதற்கு 'எடுத்தல்' என்றே பெயர். தோற்றம் உயர்ந்து நிற்பது 'எடுப்பாக' இருக்கிறது. இந்த மேல்நோக்கிய அசைவை மனத்தில் இருத்தாமல் 'எடு'வின் பிற பொருள்களை விளக்க முயன்றால், ஒன்றோடொன்று தொடர்பற்ற பட்டியல்தான் எஞ்சும்.

பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றித் தமிழ் இலக்கணிகள் மிக முன்னரே சிந்தித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல் எப்பொருளில் நிற்கிறது என்பது, அது கொண்டு முடியும் வினையாலும், அதனோடு வரும் இனத்தாலும், சார்பாலும் தெளிவாகும் என்று வகுக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் 'மா' என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். பூத்தது என்றால் மரம் என்பது தானே விளங்கும். இங்கே ஐயத்துக்கு இடமாவது பெயர். ஐயம் தீர்ப்பது வினை. பின்வந்த நிகண்டுகளும் இவ்வழியே சென்றன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு 11-ஆம் தொகுதியை ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே ஒதுக்கியது. 'எடு' போன்ற வினையில் நிலைமை தலைகீழாகிறது. இதில் ஐயத்துக்கு இடமாவது வினை. அதைத் தீர்ப்பது முன்னால் நிற்கும் பெயர். காவடி எடுத்தல், பெண் எடுத்தல், பாடம் எடுத்தல், வாந்தி எடுத்தல், துணி எடுத்தல், ஓட்டம் எடுத்தல் ஆகியவற்றில் முன்சொல்லை நீக்கிவிட்டால் வினை மட்டும் தனித்து எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. ஆகவே இத்தகைய வினையின் பொருளை அறிய நூலறிவு மட்டும் போதாது. அவ்வினையை நாள் முழுதும் வாயில் வைத்திருந்த மக்களின் தொழிலையும் வாழ்க்கையையும் அறிய வேண்டும். அவ்வகையில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் அரிய சான்றுக்களம்.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லையில் அமைந்த இம்மாவட்டம், 1885-இல் இப்பகுதியை அளந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குகிறது. 1925-இல் காலனிய ஆட்சி அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையைப் பார்வையிட்ட பின்னர் இதனை மலைவாழிடமாக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் அவருக்குத் துணைநின்றார். ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் எனத் தோட்டங்கள் விரிந்தன. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் கால்கொண்டது. வடக்கே கம்போங் ராஜா அருகில் புளூ வேலி தோட்டம் எழுந்தது. காட்டை வெட்டித் திருத்தியதிலும் செடி நட்டதிலும் கொழுந்தெடுத்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துரைத் தோட்டத்தில் வணிகத் தேயிலை வேரூன்றிய நாள் முதல், கொழுந்து, கவாத்து, நிரை முதலிய சொற்கள் தமிழர் வாயில் தொழிற்சொற்களாகப் பழகியிருந்தன. ரப்பர் தோட்டங்களின் தமிழ், பால்மரம் வெட்டுவதைச் சுற்றி வளர்ந்தது. தேயிலை மலையின் தமிழ், எடுப்பதைச் சுற்றி வளர்ந்தது.

'கொழுந்து எடுத்தல்' என்ற தொடரைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும். தளிரைச் செடியிலிருந்து பிரிப்பதற்குத் தமிழில் வேறு சொற்கள் இல்லாமலில்லை. கிள்ளுதல் உண்டு, பறித்தல் உண்டு, கொய்தல் உண்டு. எழுத்துத் தமிழில் பறித்தலே மிகுதி. ஆனால் கிள்ளுதல் நகத்தின் வேலை. நகம் பட்டால் தளிர் கன்றிப்போகும் என்பதால், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள நுனியை ஒடித்து மேல்நோக்கி வாங்குவதே கைதேர்ந்தவர் முறை. பறித்தலில் வன்மை இருக்கிறது. வழிப்பறி என்ற சொல்லில் அது வெளிப்படை. 'எடுத்தல்' விரல் செய்யும் ஒரு நொடி வேலையை மட்டும் குறிப்பதில்லை. இடுப்பளவு செடிகளுக்கிடையே ஆளுக்கொரு நிரை பிடித்து, இரு கைகளும் செடியின் மட்டத்தின்மேல் ஓட, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்குமேல் கையை உயர்த்தி முதுகுக் கூடைக்குள் எறிந்து, கூடை நிறைந்ததும் சரிவில் இறங்கி நிறுவைக்குக் கொண்டு சேர்ப்பது வரையிலான முழு வேலைக்கும் அதுவே பெயர். ஒடிப்பது, திரட்டுவது, உயர்த்துவது, சுமப்பது ஆகிய நான்கும் அவ்வொரு வினைக்குள் அடங்குகின்றன. "கொழுந்து பறிக்கிறாள்" என்பது பார்ப்பவரின் கூற்று. "கொழுந்து எடுக்கிறேன்" என்பது அவ்வேலையால் பிழைத்தவரின் கூற்று.

கூடை நிறுவைக்கு வந்ததும் அதே வேர் வேறோர் உருவில் தோன்றுகிறது. 'எடை' என்னும் பெயர் 'எடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவை நான்கு என்பது பள்ளியில் இலக்கணம் பயின்ற எவரும் அறிந்ததே. அவற்றுள் எடுத்தல் என்பது நிறுத்தளத்தல். துலாக்கோலைக் கையால் தூக்கிப் பிடித்தே பண்டத்தின் பாரத்தை அறிந்த காலத்தில், உயர்த்துவதும் அளப்பதும் ஒரே செயலாக இருந்தன. கொழுந்தெடுத்தவரின் வேலையும் எடுத்த கொழுந்தின் எடையும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களாலேயே பேசப்பட்டன என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் அத்தொழிலாளியின் ஒரு நாள் முழுவதையும் அவ்விரு சொற்களுக்கிடையில் வைத்துவிடலாம். மழையில் நனைந்த கொழுந்துக்கும் கூடைக்கும் எனத் தேயிலைத் தோட்டங்களில் எடையில் கழிவு வைப்பது பரவலான வழக்கம். எடுத்ததற்கும் எடைக்கும் இடையே விழுந்த அந்த வேறுபாடு எத்தனையோ தோட்டங்களில் மனக்குறைக்கும் வாக்குவாதத்துக்கும் வித்தாகியிருக்கிறது.

கொழுந்து எடுத்த அதே கைகள் வேறொரு நாளில் களை எடுத்தன. இங்கே வினையின் திசை மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். கொழுந்து எடுக்கப்படுவது அதனை வைத்துக்கொள்வதற்காக. களை எடுக்கப்படுவது அதனைத் தொலைப்பதற்காக. ஒன்றில் எடுக்கப்பட்ட பொருளே பயன். மற்றதில் அது நீங்கியபின் எஞ்சிய இடமே பயன். மண்ணிலிருந்தோ செடியிலிருந்தோ மேலே பெயர்க்கும் அசைவு இரண்டுக்கும் பொதுவாதலின், மொழி இரண்டுக்கும் ஒரே வினையை அளித்தது. பெயர்க்கப்பட்டது இனி யாருக்கு உரியது என்பதை அவ்வினை சொல்வதில்லை.

இந்த இருதிசைப் பண்பு மிகக் கூர்மையாக வெளிப்படுவது 'பேர்' என்ற சொல்லோடு சேரும்போதுதான். தோட்டத்தில் பேர் என்பது ஆளின் பெயராக மட்டும் இருப்பதில்லை. விடியலில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கூப்பிட்டுச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதியப்படும் ஒரு நாள் வேலையும் அதுவே. 'பேர் எடுத்தாள்' என்றால் நல்ல வேலைக்காரி என்று மதிப்புப் பெற்றாள் என்று பொருள். 'பேரை எடுத்துவிட்டார்கள்' என்றால் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பொருள். தோட்ட வீடு வேலையோடு பிணைந்திருந்த காலத்தில் இது வேலையிழப்போடு நின்றுவிடாமல் குடியிருப்பையும் அசைத்துவிடக்கூடியது. இரண்டு தொடருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் உருபு. இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' மறைந்து நிற்கும்போது பெயரும் வினையும் ஒன்றிப் புதுப்பொருள் ஒன்றைப் பிறப்பிக்கின்றன. உருபு விரிந்து நிற்கும்போது, முன்பே அங்கிருந்த குறிப்பிட்ட ஒன்றை அதன் இடத்திலிருந்து பெயர்த்தல் என்ற பொருளே முந்துகிறது. படம் எடுத்தான் என்பதும் சுவரிலிருந்த படத்தை எடுத்தான் என்பதும் இவ்வாறே. அகராதிகள் சொற்பொருளைப் பிரிக்கும்போது இந்த உருபு வேறுபாட்டுக்கு உரிய இடம் தருவது இன்றியமையாதது. ஏனெனில் தமிழில் வினையின் பொருளைப் பாதி தீர்மானிப்பது வேற்றுமையே.

கூலி நாளன்று சம்பளம் எடுத்தார்கள். அதற்கு முன்னரே முன்பணம் எடுத்திருந்தார்கள். கடையில் சாமான் எடுத்திருந்தார்கள். கைக்காசு கொடுத்துப் பெறுவதை வாங்குதல் என்றும், கணக்கில் எழுதிப் பெறுவதை எடுத்தல் என்றும் பிரித்துச் சொல்லும் பழக்கம் கடனில் ஓடிய குடும்பங்களின் பேச்சில் எளிதாக அமைகிறது. துணிக்கு மட்டும் இப்பிரிவு பொருந்தாது. தீபாவளிக்குத் துணி வாங்கினோம் என்பதைவிட எடுத்தோம் என்பதே தமிழர் எல்லாருக்கும் இயல்பு. கட்டுக்கட்டாக அடுக்கிய துணியிலிருந்து தனக்கு உகந்ததைத் தேர்ந்து உயர்த்துவதன் மகிழ்ச்சி அதில் இருக்கிறது. மலை ஊராகிய பிரிஞ்சாங்கின் ஸ்ரீ தண்டாயுதபாணி ஆலயத்தில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதும், தோட்டத்து மாரியம்மனுக்கு விழா எடுப்பதும், வாரநாள் முழுதும் கூடை சுமந்த தோள் அதே வினையை வழிபாடாக மாற்றிக்கொண்ட இடங்கள். இவற்றுள் எதிலும் உடைமையாக்கல் இல்லை. உயர்த்திச் சுமத்தல் மட்டுமே உண்டு.

ஆங்கில 'டேக்' எவ்வளவு விரிந்தும் எட்டாத ஒரு பகுதி 'எடு'வுக்கு உண்டு. மலையில் வேலை செய்பவருக்குப் பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, குனிந்து நிமிர்ந்த முதுகில் வலி எடுக்கிறது, ஈரத்தில் நின்றபின் குளிரெடுக்கிறது, நடுக்கம் எடுக்கிறது. இத்தொடர்களில் எழுவாயாக நிற்பது பசியும் வலியும். அவற்றை உணரும் மனிதர் நான்காம் வேற்றுமையில், 'எனக்கு', 'அவளுக்கு' என ஏற்பவராக நிற்கிறார். எடுத்த காரியம் அனைத்திலும் செய்பவராக இருந்த அதே தொழிலாளி இங்கே செயலுக்கு ஆளாகிறார். உயர்தல் என்ற மூலப்பொருளை நினைத்தால் இது விளங்கிவிடும். பசியை யாரும் கையால் எடுப்பதில்லை. பசி உடம்புக்குள்ளிருந்து தானே மேலெழுகிறது. கேமரன் மலையின் முதன்மை ஊராகிய தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருப்பது. கீழ்நாட்டின் வெப்பத்தில் பழகி, போதிய போர்வையின்றி மலையேறிய முதல் தலைமுறைக்கு இந்த இரண்டாம் வகை 'எடு' முதல் வகையைப் போலவே அன்றாடச் சொல்லாக இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

மூன்றாவது வகை ஒன்று ஆலைக்குள் இருக்கிறது. வினையெச்சத்தோடு சேர்ந்து துணைவினையாக நிற்கும் 'எடு' அது. துணைவினை என்பது தன் சொந்தப் பொருள் தேய்ந்து முன்வினையின் பொருளைக் கூர்மையாக்க வரும் வினை. கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றுச் செலுத்தி வாட்டுகிறார்கள். ஈரம் குறைந்து துவண்ட இலையை உருட்டி நசுக்குகிறார்கள். சாறு காற்றோடு கலந்து நிறம் மாறக் காத்திருந்து, வெப்பத்தில் உலர்த்தி, தரம் தரமாகச் சலிக்கிறார்கள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோ தேயிலையாகிறது. வாட்டியெடுத்தல், பிழிந்தெடுத்தல், வறுத்தெடுத்தல், சலித்தெடுத்தல் என்ற வாய்பாடு இவ்வகை வேலைகளுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஒரு செயலை முழுதும் நடத்தி முடித்து அதன் விளைவை வெளியே கொணர்வதே அங்கு 'எடு' சேர்க்கும் பொருள். இதே சொற்கள் ஆலைக்கு வெளியே மனிதர்மேல் பாயும்போது எஞ்சுவது முழுமை மட்டும். குளிர் வாட்டியெடுக்கிறது, வேலை பிழிந்தெடுக்கிறது, மேலாள் வறுத்தெடுக்கிறார். இலைக்கு நேர்வதும் ஆளுக்கு நேர்வதும் ஒரே இலக்கண வடிவில் சொல்லப்படுகின்றன. இது உவமையாக எவரோ திட்டமிட்டு ஆக்கியதாக இராது. தமிழகத்துச் சமையற்கட்டிலும் செக்கடியிலும் இவ்வழக்கு முன்பே இருந்தது. தேயிலை ஆலையின் ஓசை கேட்கும், தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்து வாசலில் அது பேசப்படும்போது மட்டும் சொல்லின் நேர்ப்பொருளும் வழிப்பொருளும் அருகருகே கண்ணுக்குத் தெரிகின்றன.

தோட்டத் தமிழ் தனித்து நிற்கவில்லை. மேலாளரின் ஆங்கிலமும் நாட்டின் மொழியாகிய மலாயும் அதனைச் சூழ்ந்திருந்தன. மலாயில் 'அம்பில்' என்னும் வினை இதே பணியைச் செய்கிறது. விடுப்பும் படமும் தேர்வும் அம்பில் செய்யப்படுவனவே. 'அம்பில் பெராட்' என்பது சொல்லுக்குச் சொல் பாரத்தை எடுத்தல். அதன் பொருள் அக்கறை காட்டுதல். இவ்விரு மொழிகளும் ஒரே பக்கம் இழுத்ததால் மலேசியத் தமிழில் சில புது வழக்குகள் உறுதிப்பட்டன. தமிழகத்து மாணவி தேர்வு எழுதுகிறாள். மலேசியத் தமிழ் மாணவி எஸ்.பி.எம். என்னும் பள்ளித் தேர்வை எடுக்கிறாள். தமிழகத்தில் ஓட்டுநர் பேருந்தை எடுத்தார் என்றால் கிளப்பினார் என்று பொருள். மலேசியாவில் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து பஸ் எடுத்து வந்தேன் என்று பயணியும் சொல்லலாம். நேரம் பிடிக்கும் என்பது பழைய தமிழ். நேரம் எடுக்கும் என்பது ஆங்கிலத்தின் நிழலில் வளர்ந்து இன்று தமிழுலகு முழுதும் பரவியது. இவற்றைப் பிழையென்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. ஆங்கிலமே தன் 'டேக்'கை அயலாரிடமிருந்து பெற்றது. பல மொழி பேசும் நாட்டில் ஒரு வினை அண்டை வினைகளைப் பார்த்துத் தன் எல்லையை மாற்றிக்கொள்வது அம்மொழி புழக்கத்தில் இருப்பதற்குச் சான்று. தமிழின் நான்காம் வேற்றுமைக்குரிய 'பசி எடுக்கிறது' வகையை இந்த அயல்தாக்கம் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றம் நுழைந்தது வினையின் வாசலில் மட்டும், அதன் உள்ளறை பழையபடியே இருக்கிறது.

மாற்றம் உண்மையில் ஆழமாக நேர்ந்தது தொழிலில். கைவிரலால் எடுத்த இடத்தில் பை பொருத்திய கத்தரி வந்தது. பிறகு இருவர் இருபுறமும் பிடித்து நிரைமேல் நகர்த்தும் இயந்திரம் வந்தது. கத்தரியில் ஒடித்தல் இல்லை, வெட்டுதல்தான் உண்டு; இயந்திரத்தில் அளவும் மட்டமும் கையின் தேர்வைச் சாராதவை. தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை படித்து ஈப்போ, கோலாலம்பூர் முதலிய நகரங்களுக்கு வேலைக்குப் பெயர்ந்தது. இன்று நிரைகளில் நிற்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பலர். தானா ராத்தா, ரிங்லெட் ஊர்களிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. கோயில்களில் விழா எடுக்கிறார்கள். வீட்டில் பசி எடுக்கிறது. ஆனால் கொழுந்து எடுத்தல் என்ற தொடர், அத்தொழிலைக் கைவிரலால் செய்த மூத்த பெண்களின் நினைவோடு ஒதுங்கிவருகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபோது, அதே ஆண்டுகளில்தான் கேமரன் மலையில் முதற்செடிகள் ஊன்றப்பட்டுக்கொண்டிருந்தன. இலக்கியத்தையும் நிகண்டையும் முதன்மையாகக் கொண்ட அப்பணி, உருவாகிக்கொண்டிருந்த ஒரு மலையின் பேச்சைக் கேட்டிருக்க முடியாது. 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பின்வந்த பதிப்பில் இலங்கை வழக்குகளைத் தனிக் குறிப்போடு ஏற்று ஒரு நல்வழியைக் காட்டியது. மலேசியத் தோட்டத் தமிழுக்கும் அவ்வகைப் பதிவு வேண்டும். அது சொற்பட்டியலாக அமைந்தால் பயனில்லை; 'எடு' என்று தலைப்பிட்டு எதிரே பொருள்களை அடுக்கினால் இம்மலையில் கிடைத்தது எதுவும் அதில் தங்காது. எந்தப் பெயரோடு வந்தது, உருபு விரிந்ததா தொக்கதா, உணர்ந்தவர் எந்த வேற்றுமையில் நின்றார், சொன்னவர் நிரையில் நின்றவரா, கணக்கெழுதிய கிராணியா, ஆலைக்குள் இருந்தவரா என்ற விவரங்களோடு முழு வாக்கியங்களாக, குரலோடு பதிய வேண்டும். ஒருவரிடமே கொழுந்து, களை, பேர், கடன், காவடி, பசி ஆகிய ஆறையும் பற்றிக் கேட்டால் அவ்வினையின் பெரும்பகுதி ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும். கையால் கொழுந்தெடுத்தவர்கள் பலர் இப்போது மலையடிவார ஊர்களில் மக்களோடு வாழ்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறை மாணவர்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த வீடுகள்.